தட்டின் குறையா, ஊசியின் குறையா? ஹார்ட் பாப் மறுபதிப்புகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ப்ளூ நோட், பிரெஸ்டீஜ், ரிவர்சைடு போன்ற நிறுவனங்கள் 1950களிலும் 60களிலும் வெளியிட்ட ஹார்ட் பாப் ஜாஸ் ஆல்பங்கள் இப்போது அருமையான தரத்தில் மீண்டும் வினைலாகக் கிடைக்கின்றன. 2019இல் தொடங்கிய ப்ளூ நோட்டின் டோன் போயட் வரிசை, அதை அடுத்து வந்த கிளாசிக் வினைல் வரிசை, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலிருந்து வரும் அனலாக் புரொடக்ஷன்ஸ் பதிப்புகள், 2023இல் கிராஃப்ட் ரெக்கார்டிங்ஸ் புதுப்பித்த ஓஜேசி (ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்) வரிசை என்று தேர்ந்தெடுக்க நிறைய இருக்கிறது. விலையும் குறைவில்லை. அதனால் புதுத் தட்டில் ஒரு கரகரப்போ இழுவையோ கேட்டால் மனசு பதறுவது இயல்பு.

உடனே திருப்பி அனுப்பக் கிளம்பிவிடாதீர்கள். நீங்கள் கேட்கும் குறை ஐந்து இடங்களில் ஒன்றில் பிறந்திருக்கும்: அந்தக் காலத்து மாஸ்டர் டேப், லாக்கர் எனப்படும் மூலத் தட்டில் பள்ளம் வெட்டிய இடம், தட்டை அச்சடித்த ஆலை, உங்கள் டர்ன்டேபிள், அல்லது உங்கள் அறையும் மின்சாரமும். இதில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மட்டும்தான் கடைக்காரர் பொறுப்பு. டேப்பிலேயே இருக்கும் குறைக்குப் பத்து பிரதி மாற்றினாலும் பயனில்லை. ஊசியில் இருக்கும் குறையோ அடுத்த தட்டையும் கெடுக்கும்.

கையில் வேண்டியவை: கைபேசியில் ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு டார்ச், ஊசியின் எடையைப் பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு, குறையில்லை என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு தட்டு. கூடவே ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 1.8 வினாடி எடுக்கும். 45 சுற்றுத் தட்டுக்கு 1.33 வினாடி. கீழே பாதிக் கேள்விகளுக்கு இந்த எண்தான் விடை சொல்லப்போகிறது.

எந்தக் குறையாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். அதே இடத்தை இன்னும் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். அதே நொடியில் அதே சத்தம் வந்தால் அது தட்டில் இருக்கிறது. இடம் மாறி மாறி வந்தால் தூசி அல்லது நிலைமின்சாரம். எல்லாத் தட்டிலும் வந்தால் உங்கள் கருவி.

சீரான இடைவெளியில் "டிக்... டிக்..."

ஸ்டாப்வாட்சை எடுங்கள். பத்து டிக்குக்கு 18 வினாடி ஆகிறதா? அப்படியானால் பள்ளங்களுக்குக் குறுக்கே ஏதோ இருக்கிறது. டார்ச்சைத் தட்டின் விளிம்போடு தாழ்வாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கோடாகத் தெரிந்தால் கீறல். மணலளவு புடைப்பாகத் தெரிந்தால், அச்சடிக்கும்போது ஸ்டாம்பர் என்னும் அச்சுத் தகட்டில் ஒட்டியிருந்த துகளின் தடம். ஒட்டிய அழுக்காக இருந்தால் ஈரத் துடைப்பில் போய்விடும். மற்ற இரண்டும் போகாது. குச்சியால் சுரண்டி எடுக்கச் சொல்பவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். பக்கத்துப் பள்ளம் சேதமானால் பிறகு தட்டைத் திருப்பியும் கொடுக்க முடியாது.

ஐந்தாறு சுற்றில் முடிந்துவிடும் டிக் என்றால் நான் வைத்துக்கொள்வேன். ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

துணியைக் கிழிப்பது போன்ற "ஸ்ர்ர்ர்" சத்தம்

கனமான புதுத் தட்டுகளில் சேகரிப்பாளர்கள் மிகவும் வெறுக்கும் குறை இதுதான். ஆங்கிலத்தில் நான்-ஃபில் என்கிறார்கள். சூடான வினைல் கட்டியை இரண்டு ஸ்டாம்பர்களுக்கு நடுவில் வைத்து அழுத்தும்போது அது நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பரவும். சூடு போதவில்லை, அல்லது அழுத்தத்தைச் சீக்கிரம் எடுத்துவிட்டார்கள் என்றால் பள்ளத்தின் சுவர் முழுதாக நிரம்பாது. நிரம்பாத இடத்தில் ஊசி உரசும்போது அந்தக் கிழிசல் சத்தம் வரும். 180 கிராம் தட்டில் வினைல் அதிகம், ஆறவும் நேரம் அதிகம். ஆலையில் அவசரப்பட்டால் அதில் இந்தக் குறை எளிதாக நுழைந்துவிடும்.

அடையாளம் காண்பது கடினமில்லை. பெரும்பாலும் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும். ஒரு சுற்றில் ஓரிடத்தில் எழுந்து அடங்கும், அடுத்த சுற்றில் அதே இடத்தில் திரும்ப வரும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, தட்டை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். கருப்புப் பளபளப்புக்கு நடுவே சாம்பல் நிறப் பொட்டுகள், நுண்ணிய புள்ளிகளாக ஒரு பட்டையில் வரிசைகட்டி நிற்கும். ஒரு கோணத்தில் மின்னும், தட்டை இம்மி திருப்பினால் மறைந்துவிடும். ஈரத் துணியால் துடைத்த பிறகும் அதே இடத்தில் அதே புள்ளிகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆர்ட் பிளேக்கியின் "மோனின்" ஆல்பத்தை ஓட்டினால், பாபி டிம்மன்ஸ் பியானோவில் தனியாகக் கேள்வி போடுவதும் குழல்கள், அதாவது டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும், பதில் சொல்வதுமாகத் தொடங்கும். அந்தப் பியானோத் தனிமையில் சிறு நான்-ஃபில் இருந்தாலும் காதில் விழும். முழுக் குழுவும் வாசிக்கும் இடத்தில் அதே அளவு குறை மறைந்துபோகலாம். அதனால் புதுத் தட்டைச் சோதிக்கும்போது தொடக்கங்களையும், மெதுவான பாட்டுகளையும், பாஸ் தனியாக வாசிக்கும் இடங்களையும் முதலில் கேளுங்கள்.

இதற்கு வீட்டில் மருந்து இல்லை. எத்தனை முறை கழுவினாலும் இல்லாத வினைல் வரப்போவதில்லை. வேறு வடிவ ஊசி பள்ளச் சுவரில் வேறு உயரத்தைத் தொடும் என்பதால் சத்தம் சற்றுக் குறையலாம், கூடவும் செய்யலாம். திருப்பி அனுப்புங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 180 கிராம் என்று அட்டையில் போட்டிருப்பதால் ஒலி உயராது. 120 கிராம் தட்டிலும் பள்ளத்தின் ஆழம் அதேதான். ஒலியைத் தீர்மானிப்பது பள்ளத்தை வெட்டியவரின் கையும் அச்சடித்த ஆலையின் பொறுமையும். அதேபோல, தட்டு கனம் என்பதற்காக ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் உயரத்தை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் ஊசியின் கோணத்தில் கால் டிகிரி அளவுக்குத்தான் மாற்றம் தரும்.

அங்கங்கே பொரிவது, "பட்" என்று வெடிப்பது

புதுத் தட்டுதானே, ஏன் கழுவ வேண்டும் என்று கேட்பார்கள். காகித உறையின் தூள் புதுத் தட்டிலும் இருக்கும். உறையிலிருந்து உருவும்போது உண்டாகும் நிலைமின்சாரம் சுற்றியுள்ள தூசியையும் இழுத்து ஒட்டவைக்கும்.

காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள். குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் காய்ந்த பிறகு உப்பைப் பள்ளத்துக்குள் விட்டுவிடும், இருந்ததைவிட மோசமாகப் பொரியும். தட்டு கழுவுவதற்கென்றே விற்கும் திரவத்தில் சில துளி கலந்து, மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் ஓடும் திசையில் வட்டமாகத் துடையுங்கள். பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் இன்னொரு துணி. நடுவில் உள்ள லேபிள் நனையக் கூடாது. முழுதாகக் காய்ந்த பிறகே ஊசியை வையுங்கள். கழுவிய தட்டைப் பழைய காகித உறைக்குள் திரும்பவும் செருகினால் செய்த வேலை வீண். உள்ளே பாலித்தீன் பூசிய உறை வாங்கிக்கொள்ளுங்கள்.

சத்தம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வந்தால் அது நிலைமின்சாரம். ஏசி ஓடிக் காற்று உலர்ந்த அறையில் இது கூடும். கார்பன் ஃபைபர் பிரஷ்ஷை மெதுவாக இரண்டு மூன்று சுற்று பிடித்து, அப்படியே விளிம்புக்கு நகர்த்தி எடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

பியானோ அலைகிறது

சாக்ஸஃபோனில் கேட்டால் தெரியாது, டிரம்பெட்டில் கேட்டாலும் சட்டென்று தெரியாது. வாசிப்பவரே சுரத்தை அசைப்பார், அதற்குள் குறை ஒளிந்துகொள்ளும். பியானோ சுரத்தை வளைக்க முடியாது. நீண்டு ஒலிக்கும் ஒரு பியானோ சுரம் ஏறி இறங்கினால் தட்டின் துளை நடுவில் இல்லை என்று அர்த்தம்.

பாட்டு முடிந்து ஊசி உள்பக்கப் பள்ளத்தில் சுற்றும்போது டோன் ஆர்மை மேலிருந்து பாருங்கள். இடமும் வலமுமாக, 1.8 வினாடிக்கு ஒரு முறை, ஊஞ்சலாடும். கணக்கு எளிது. மையத்திலிருந்து 60 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளத்தில் துளை 1 மில்லிமீட்டர் விலகியிருந்தால் சுருதி மேலும் கீழும் 1.7 சதவீதம் போகும். பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் உள்ள தூரமே 6 சதவீதம்தான் என்பதால் இது காதை உறுத்தும். 0.2 மில்லிமீட்டர் வரை விலகல் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தட்டின் உள்பக்கம் போகப் போக அதே விலகல் அதிகமாகக் கேட்கும். அதனால் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் சோதியுங்கள்.

துளை கொஞ்சம் தளர்வாக இருந்தால், தட்டை விரலால் இம்மி நகர்த்தி, ஆர்ம் ஆடாத இடத்தில் நிறுத்திக் கேட்கலாம். இறுக்கமாக இருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். துளையை அரத்தால் பெரிதாக்கச் சொல்லும் யோசனையை விலையுயர்ந்த தட்டில் முயல வேண்டாம்.

ஆர்ம் பக்கவாட்டில் ஆடாமல் மேலும் கீழும் ஏறி இறங்கினால் தட்டு வளைந்திருக்கிறது. பாஸ் ஸ்பீக்கரின் கூம்பு சத்தமில்லாமல் உள்ளும் வெளியும் போய்வருவதும் இதற்கு அடையாளம். லேசான வளைவை, தட்டை அழுத்திப் பிடிக்கும் ஒரு ரெக்கார்டு கிளாம்ப் சமாளிக்கும். சூடாக்கி நிமிர்த்தும் வித்தைகளை நான் பரிந்துரைப்பதில்லை.

எல்லாமே மெதுவாக, கனமாகக் கேட்கிறது

முதலில் லேபிளைப் பாருங்கள். ஒரே ஆல்பத்தை இரண்டு தட்டாக 45 சுற்றில் வெளியிடுவது இந்த உலகில் சகஜம். அது 33இல் ஓடிக்கொண்டிருக்கலாம்.

அது இல்லையென்றால், உங்கள் டர்ன்டேபிள் அமெரிக்காவிலிருந்து வந்ததா என்று பாருங்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவிலும் இலங்கையிலும் 50 ஹெர்ட்ஸ். நேரடி மின்சாரத்தின் துடிப்பைப் பிடித்துச் சுழலும் ஏசி மோட்டார் இருந்தால் 33⅓ சுற்று என்பது இங்கே கிட்டத்தட்ட 27.8 சுற்றாகிவிடும். பத்து நிமிடப் பாட்டு பன்னிரண்டு நிமிடம் ஓடும், சுருதி மூன்று கட்டைக்கு மேல் இறங்கும். 230 வோல்ட்டை 110 ஆக மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் இதைச் சரிசெய்யாது. அது வோல்டேஜை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. தயாரிப்பாளரிடம் 50 ஹெர்ட்ஸுக்கான கப்பியைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது தானே 60 ஹெர்ட்ஸ் உண்டாக்கித் தரும் பவர் சப்ளை வேண்டும். டிசி மோட்டார் உள்ளவற்றுக்கும் இன்றைய டைரக்ட் டிரைவ் கருவிகளுக்கும் இந்தத் தொல்லை இல்லை. வேறுபாடு சிறியதாக இருந்தால் பெல்ட் தளர்ந்திருக்கும்.

குழல்கள் சிதறுகின்றன, ஓரம் கருகிக் கேட்கிறது

எங்கே சிதறுகிறது என்பதுதான் கேள்வி.

பக்கத்தின் தொடக்கத்தில் சுத்தமாக இருந்து, முடிவை நெருங்க நெருங்க மோசமாகிறதா? முதலில் ஊசியைத் தூக்கிப் பாருங்கள். நுனியில் பஞ்சு சேர்ந்திருக்கலாம். இல்லையென்றால் இது உள்பள்ளச் சிதைவு. 33⅓ சுற்றில் தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசிக்கடியில் வினாடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள்பக்கத்தில் அது சுமார் 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அதே இசையைப் பாதியைவிடக் குறைவான இடத்தில் அடைத்திருக்கிறார்கள், ஊசி அதைப் படிக்கத் திணறுகிறது. ஜான் கோல்ட்ரேனின் "ப்ளூ டிரெய்ன்" முதல் பக்கத்தை ஓட்டுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போகும் தலைப்புப் பாட்டுக்குப் பிறகு "மோமெண்ட்ஸ் நோட்டீஸ்" வரும். லீ மார்கனின் டிரம்பெட், கர்ட்டிஸ் ஃபுல்லரின் டிராம்போன், கோல்ட்ரேனின் டெனர், மூன்றும் சேர்ந்து தட்டின் உள்பக்கத்தை நோக்கி முழங்கும். ஊசி பொருந்திய சிறு பெட்டியான கார்ட்ரிட்ஜ் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதற்கு இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது: அளவுக் காகிதத்தை வைத்து கார்ட்ரிட்ஜின் இடத்தையும் கோணத்தையும் சரிபாருங்கள். ஊசியின் எடையைத் தராசில் பாருங்கள். உதாரணமாக ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம், ஆர்ட்டோஃபோன் 2எம் ப்ளூவுக்கு 1.8 கிராம். எடை குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் எடை போதாத ஊசி பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளிச் சுவரைச் சிதைக்கும். ஆன்டி ஸ்கேட்டிங்கை (ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் அமைப்பு) ஊசி எடைக்கு ஒத்த எண்ணில் வைத்துத் தொடங்குங்கள். சிதைவு வலப்பக்கத்தில் மட்டும் கேட்டால் அதைச் சற்று ஏற்றிப் பாருங்கள், இடப்பக்கத்தில் மட்டும் என்றால் இறக்கிப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் தீரவில்லையென்றால் மைக்ரோலைன் போன்ற நுண்முனை ஊசிக்கு மாறுவது பெரிய வித்தியாசம் தரும். 45 சுற்றுப் பதிப்புகள் இருப்பதற்கான காரணமும் இதுதான். அங்கே அதே உள்பள்ளம் வினாடிக்கு 28 சென்டிமீட்டர் ஓடும்.

எல்லாத் தட்டிலும், எல்லா இடத்திலும் சிதறினால் ஊசி தேய்ந்திருக்கும். 500 முதல் 1,000 மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லும் ஆயுள்.

ஓர் ஆல்பத்தில் மட்டும், தட்டின் வெளிப்பக்கத்திலேயே, டிரம்பெட் உச்சத்துக்குப் போகும் ஓரிரு இடங்களில் மட்டும் சிதறுகிறதா? அதே இடத்தை ஸ்ட்ரீமிங்கில் கேளுங்கள். அங்கும் இருந்தால் அது டேப்பிலேயே பதிந்த சிதைவு. இந்த ஆல்பங்களில் பெரும்பகுதியைப் பதிவுசெய்த ரூடி வான் கெல்டர் டேப்பில் ஒலியைத் தாராளமாக ஏற்றிப் பதிவார். அந்த நெருக்கமும் சூடும் அதனால்தான் கிடைத்தன, எப்போதாவது ஒரு முழக்கம் எல்லை தாண்டியதும் அதனால்தான். அந்தத் தட்டைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

குழல்கள் ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம், நடுவில் வெறுமை

ஸ்பீக்கர் கம்பியைத் தப்பாக மாட்டிவிட்டோமோ என்று சந்தேகம் வரும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இது குறை இல்லை, அந்தக் காலத்தின் வழக்கம்.

வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகர். நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில்தான் 1959 வரை பதிவுசெய்தார். அதே ஆண்டு எங்கில்வுட் கிளிஃப்ஸில் 39 அடி உயர மரக்கூரையோடு சொந்த ஸ்டூடியோ கட்டினார். 1957இல் ஸ்டீரியோ டேப்பையும் ஓடவிடத் தொடங்கினார் என்றாலும் அவரும் ப்ளூ நோட்டை நிறுவிய ஆல்ஃபிரட் லயனும் மனதில் வைத்திருந்தது மோனோ ஒலிதான். அன்றைக்கு வாங்குபவர்கள் வீட்டில் இருந்ததும் அதுதான். இரண்டு தடங்களில் இசைக்கலைஞர்களைப் பிரித்துப் போட்டார்கள், பின்னர் அவற்றைச் சேர்த்து மோனோ தட்டு வெட்டினார்கள். 1958 கடைசியிலிருந்து தனியாக மோனோ டேப் ஓடவிடுவதையே விட்டுவிட்டார்கள். ஆக, அதற்குப் பிந்திய ஆல்பங்களின் மோனோப் பதிப்பு என்பது இரண்டு தடங்களையும் சமமாகக் கலந்ததே.

இதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஸ்டீரியோ மறுபதிப்பு உறுத்தினால் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டனை அழுத்துங்கள். லயன் கேட்ட சமநிலைக்கு மிக அருகில் போய்விடுவீர்கள். ஹெட்ஃபோனில் கேட்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஹேங்க் மோப்லியின் 1960ஆம் ஆண்டு "சோல் ஸ்டேஷன்" போன்ற ஒற்றைக் குழல் ஆல்பங்களை நான் இரண்டு விதமாகவும் கேட்பேன். ஸ்டீரியோவில் காற்றோட்டம் அதிகம், மோனோவில் உந்துதல் அதிகம்.

எதிர்க் கேள்வியும் வரும்: "ஸ்டீரியோ கருவியில் எல்லாம் நடுவிலேயே கேட்கிறதே, சேனல் போய்விட்டதா?" சானி ராலின்ஸின் "சாக்ஸஃபோன் கொலோசஸ்" 1956 ஜூனில் மோனோவில் மட்டுமே பதிவானது. அதில் ஸ்டீரியோ என்று ஒன்று கிடையாது. மோனோத் தட்டில் மேற்பரப்புச் சத்தம் தொந்தரவு செய்தாலும் அதே மோனோ பட்டன் அதைக் குறைக்கும். ஊசி மேலும் கீழும் அசைவதால் வரும் சத்தம் ரத்தாகிவிடும்.

நிஜமாகவே சேனல் போயிருக்கிறதா என்று அறிய, கார்ட்ரிட்ஜ் கம்பிகளைத் தொடுவதற்கு முன், ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இட வல இணைப்புகளை மாற்றிச் செருகுங்கள். அமைதியான பக்கமும் மாறினால் பிரச்சினை டர்ன்டேபிள் பக்கம். மாறாவிட்டால் ஆம்ப்ளிஃபயரோ ஸ்பீக்கரோ.

பியானோ மட்டும் மூடிய பெட்டிக்குள்ளிருந்து வருகிறது

டிரம்பெட் முகத்துக்கு நேரே, சிம்பல் பளிச்சென்று, பியானோ மட்டும் அடைத்துக் கேட்கும். வான் கெல்டர் பதிவுகளைப் பற்றி நெடுநாளாக உள்ள புகார் இது. ஒலி பக்கத்து மைக்குகளில் கசியாமலிருக்க அவர் பியானோவுக்கு மிக நெருக்கமாக மைக் வைத்த விதமே அந்த ஒலி. நல்ல மறுபதிப்பில் அது கொஞ்சம் திறந்து கேட்கும், ஆனால் மாறிவிடாது. கெவின் கிரே போன்ற திறமையான மாஸ்டரிங் பொறியாளராலும் டேப்பில் இல்லாததைக் கொண்டுவர முடியாது. நேரத்தையும் பணத்தையும் இதில் செலவிடாதீர்கள்.

பாட்டு தொடங்குமுன் அதன் நிழல் மெலிதாகக் கேட்கிறது

திரும்பவும் ஸ்டாப்வாட்ச். நிழலுக்கும் நிஜத்துக்கும் நடுவே சரியாக 1.8 வினாடி இருந்தால், பக்கத்துப் பள்ளத்தின் அதிர்வு சுவர் வழியாக இந்தப் பள்ளத்தில் பதிந்திருக்கிறது. லாக்கர் வெட்டும்போதே நேர்வது. இடைவெளி வேறாக இருந்தால், சுருளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வருடம் கிடந்த டேப்பின் காந்தப் பதிவு அடுத்த அடுக்குக்குப் பரவியதால் வந்தது. இரண்டுமே எல்லாப் பிரதிகளிலும் இருக்கும். மாற்றிப் பயனில்லை.

விடாத "ஊம்ம்" ஒலி

தட்டுக்குச் சம்பந்தமில்லை. டர்ன்டேபிளின் எர்த் கம்பி, ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்பில் இறுகியிருக்கிறதா பாருங்கள். டோன் ஆர்மைத் தொட்டதும் சத்தம் மாறினால் அதுதான் காரணம். ப்ரீஆம்பை டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கருவிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். வால்யூமை ஏற்றினால் மட்டும் ஒரு உறுமல் வளர்ந்துகொண்டே போகிறதா? ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே மேசையில் இருக்கின்றன. பிரித்து வையுங்கள்.

பழைய பிரதியின் விறுவிறுப்பு புதியதில் இல்லை

இது காதின் குறையில்லை. வான் கெல்டர் தன் கையால் லாக்கர் வெட்டியபோது அன்றைய மலிவான பிளேயர்களில் ஊசி துள்ளாமலிருக்க அடிக்குரலைக் குறைத்தார், ஏற்ற இறக்கத்தை இறுக்கினார். அதனால் அசல் பிரதியில் குழல்கள் முன்னே பாயும். டோன் போயட் போன்ற இன்றைய பதிப்புகள் டேப்பில் உள்ளதை அதிகம் இறுக்காமல் தருகின்றன. பாஸ் ஆழமாகவும் சிம்பல் மென்மையாகவும் இருக்கும். இரண்டையும் ஒப்பிடும்போது புதியதின் வால்யூமைச் சற்று ஏற்றி வையுங்கள், பாதிக் குறை அங்கேயே தீரும். மீதிப் பாதி ரசனை. எனக்கு பால் சேம்பர்ஸின் பாஸ் முழு உருவத்தோடு கேட்பது பிடிக்கும் என்பதால் மறுபதிப்பின் பக்கம் நிற்கிறேன்.

மெலிந்து, உயிரில்லாமல், எல்லாம் ஒரே மட்டத்தில்

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மாஸ்டரிங் செய்தவர் பெயர் இருக்கிறதா? எந்த டேப்பிலிருந்து என்று சொல்லியிருக்கிறதா? ஐரோப்பாவில் 1962 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது. அதனால் அங்கே யார் வேண்டுமானாலும் ஒரு சிடியை வைத்தே வினைல் அடித்து விற்கலாம். சட்டப்படி தவறில்லை, விலையும் குறைவு, 180 கிராம் என்ற ஸ்டிக்கரும் இருக்கும். ஒலி சிடியின் ஒலிதான்.

பிறகு லேபிளைச் சுற்றியுள்ள இசையில்லாத வளையத்தைப் பாருங்கள். அங்கே பொறித்திருக்கும் எழுத்துகளைத்தான் சேகரிப்பாளர்கள் நம்புவார்கள். பழைய ப்ளூ நோட் தட்டென்றால் ஆர்விஜி அல்லது வான் கெல்டர் என்ற முத்திரையும், 1966 வரை அச்சடித்த பிளாஸ்டிலைட் ஆலையின் காது வடிவக் குறியும் இருக்கும். புதியதென்றால் மாஸ்டரிங் பொறியாளரின் முதலெழுத்துகள் இருக்கும். கெவின் கிரே வெட்டியவற்றில் கேபிஜி என்றும் அவருடைய கோஹியரன்ட் ஆடியோவைக் குறிக்கும் சிஏ என்றும் காணலாம். எழுத்தே இல்லாத வளையம், பெயரே இல்லாத அட்டை, நம்ப முடியாத விலை, இந்த மூன்றும் சேர்ந்தால் வாங்குவதற்கு முன்பே விட்டுவிடுங்கள்.

"மாஸ்டர் டேப்பிலிருந்து" என்ற வாசகம் மட்டும் போதாது. நடுவில் டிஜிட்டல் படி இருந்ததா என்பதை அது சொல்வதில்லை. 2022இல் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் பல பதிப்புகளில் அப்படி ஒரு படி இருந்தது தெரியவந்தபோது பெரிய சர்ச்சையாகி வழக்கு வரை போனது. முழு அனலாக் உங்களுக்கு முக்கியமென்றால் அந்தச் சொல் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தட்டுகள் மோசமாக ஒலித்தன என்று நான் சொல்லமாட்டேன். வாங்குபவரிடம் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கியபோது நேராக இருந்தது, இப்போது வளைந்திருக்கிறது

மேல் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் வைத்திருக்கிறீர்களா? வெயிலில் அது சுருங்கி அட்டையை இறுக்கும், அட்டையோடு தட்டும் வளையும். கழற்றிவிடுங்கள். தட்டுகள் நேராக நிற்க வேண்டும், சாயவும் கூடாது, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவும் கூடாது. மே மாதக் காருக்குள் பத்து நிமிடம்கூட விட வேண்டாம். மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி அட்டைக்குப் பூஞ்சையைத் தரும், டோன் போயட்டின் தடித்த மடிப்பு அட்டைகளுக்கு அது பெரிய இழப்பு. வெளி உறையைப் பிவிசியில் வாங்காதீர்கள். நாளாக நாளாகத் தட்டின் மேல் மங்கலான படலத்தை விட்டுவிடும். பாலித்தீனோ பாலிப்ரொப்பிலீனோ பாதுகாப்பு.

திருப்பி அனுப்பும்போது

"சத்தம் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் கடைக்காரரால் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பக்கம், எத்தனையாவது நிமிடம், எந்தச் சேனல், கழுவிய பிறகும் இருக்கிறதா, வேறு தட்டில் இல்லையா, இவற்றை இரண்டு வரியில் எழுதுங்கள். டார்ச் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படமும், அந்த இடத்தின் அரை நிமிட ஒலிப்பதிவும் சேருங்கள். துளை விலகல் என்றால் ஆர்ம் ஆடுவதை வீடியோ எடுப்பது போதும். மாற்றுப் பிரதி வரும்போது தட்டை அட்டைக்கு வெளியே தனியாக வைத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வழியில் குலுங்கி அட்டையின் ஓரம் பிளந்து வரும்.

மாற்றி வந்த பிரதியிலும் அதே நொடியில் அதே குறை கேட்டால் ஸ்டாம்பரிலோ லாக்கரிலோதான் சிக்கல். அந்த அச்சில் வந்த எல்லாத் தட்டிலும் அது இருக்கும். மூன்றாவது பிரதி கேட்காமல் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த அச்சுக்குக் காத்திருங்கள்.